என் உயரத்துப் பூசணம்

சுவரில் கரியால் கிழித்த கோடு மழைக்காலத்தில் முளைக்கும் என்று நான் நம்பினேன். ஒன்பது வயது ஆளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி எங்களுக்கு ஒற்றை அறை வாடகை வீடு. நைனாவுக்கு ரோலிங் மில்லில் வேலை. வெளியே துணி காயப்போட்டால் புகைக்கரி படியும் என்று அம்மா எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துவாள். அந்த ஐப்பசியில் விளையாட வெளியே போக முடியாமல், பீரோவை ஒட்டிய மூலைச் சுவரில் கரியால் மூன்று ஸ்டம்பு வரைந்து தங்கைக்குப் பந்து போட்டேன். பத்தே நாளில் ஸ்டம்பைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள். பிறகு திட்டுத் திட்டாக ஒரு டீமே வந்து நின்றது.

நான்கு வயதுத் தங்கைக்கு இழுப்பு கண்டது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டு, வீட்டுச் சுவரில் பூசணம் இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் அந்த இடத்திலேயே கொலைகாரனானேன். ஜெயிலில் இட்லி தருவார்களா என்றுகூட யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையை இழுத்துச் செருகினாள். துடைப்பத்தால் தேய்த்ததில் தூள் பறந்து தங்கைக்கு இருமல் கூடியது. மறுநாள் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஜன்னலைத் திறந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தாள். உப்பிய பூச்சைச் சுரண்டி அள்ளினாள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாள். அறைக்குள் ஈரம் சேராதிருக்கக் கொடியை வெளியே கட்டினாள்.

"சட்டையெல்லாம் கரியாவும்மே" என்றார் நைனா.

"ஆவட்டும். புள்ள ஒழுங்கா மூச்சு வுட்டா போதும்."

சுவர் நன்றாகக் காயாமல் சுண்ணாம்பைத் தொடுவதில்லை என்று காத்திருந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கோடு போய்விட்டது, வேர் இருக்குமே. அம்மா குழாயடிக்குப் போகும்போதெல்லாம் ஈரத்துணியால் அந்த இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தேன்.

பூசணம் திரும்ப வந்தது. அம்மா திரும்பக் கழுவினாள். மறுபடியும் வந்தபோது அவள் பிரஷ்ஷை எடுக்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தாள்.

"மேல காஞ்சிக்குது. கீழயும் காஞ்சிக்குது. உன் உசரத்துக்கு மட்டும் இன்னாடா இவ்ளோ ஈரம்?"

"எனக்கு எப்டிமா தெரியும்" என்றேன். முதுகுக்குப் பின்னால் மறைத்த துணியிலிருந்து குதிகாலில் தண்ணீர் சொட்டியது.

"கைல இன்னாத்த வெச்சிக்கினு கீற?"

"ஸ்டம்போட வேர அழிக்கிறேன்மா. இல்லாங்காட்டி பாப்பா செத்துடும்."

நைனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. "எத்தினி நாளா?"

"தெனமும்."

முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மா துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடிக்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கரி முளைக்கவில்லை. அவள் காயவைத்த சுவரை நான்தான் தினமும் நனைத்திருக்கிறேன். நான் துடைப்பதை நிறுத்திய பின் அது காய்ந்தது, சுண்ணாம்பு அடித்தாள். அடுத்த வாரம் தங்கை படுத்துத் தூங்கினாள்.