திம்மராயன் பார்வையும் மாப்பிள்ளைக் குதிரையும்

“கொள்ளுக் காட்டிக் குதிரையைக் கூப்பிடறவன் குதிரைக்காரனே இல்ல. நான் கண்ணாலயே அடக்கறவன். எந்தக் குதிரைகிட்டயும் இந்தத் திம்மராயன் கெஞ்சினது கிடையாது.”

மத்திகிரி திம்மராயனார் இந்தத் திருவாக்கைச் சந்தையிலும் சலூனிலும் அருளியது போதாதென்று ஒருமுறை சாவு வீட்டிலும் அருளினார். அங்கே மறுத்துப் பேசாமல் கேட்டது பிணம் ஒன்றுதான்.

அவருக்கு மூன்று பாஷை தெரியும். குதிரையை அதட்டக் கன்னடம். ஊராரிடம் பீற்றிக்கொள்ளத் தமிழ். வீட்டில் மனைவி ரங்கம்மாவிடம் அடங்கிப் பேசத் தெலுங்கு.

ஐம்பத்தாறாம் வருஷம், பண்ணைக்காரர் நாராயணப்பன் பெங்களூர் ரேஸில் கழித்துவிட்ட வெள்ளைக் குதிரை ஒன்றை வாங்கிவந்தார். கல்யாண ஊர்வலத்தில் தம் மகன் குதிரைமேல் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. குதிரையின் பெயர் சாமுண்டி. வீரம் பெயரோடு நின்றுவிட்டது. குடை விரிந்தால் ஓடும். கொடியில் புடவை ஆடினால் ஓடும். தன் வால் தன்மேலேயே பட்டால், யாரென்று திரும்பிப் பார்த்துவிட்டு ஓடும். ரேஸில்தான் ஓடவில்லை.

“திம்மராயா, தவுல் அடிப்பாங்க, வேட்டு போடுவாங்க. ஊர்வலத்துல இது மானத்தை வாங்கிச்சுன்னா, மறுநாளே ஜட்கா வண்டிக்காரனுக்கு வித்துடுவேன், ஆமா.”

“ரெண்டு பார்வை போதும், எசமான்.”

பார்வை வைத்தியம் தொடங்கியது. திம்மராயன் முறைத்தார். சாமுண்டியும் முறைத்தது. முதலில் கண் சிமிட்டியவர் திம்மராயன். பிறகு அது ராகிக் கொல்லைக்குள் பாய்ந்ததும், இவர் செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடியதும் வரலாற்றுக்குத் தேவையில்லை.

ஆனால் ஜட்கா என்ற சொல் அவரை முள்ளாகக் குத்தியது. மிரண்டு ஓடிக் களைத்தபின் சாமுண்டி அவர் தோளுக்குப் பின்னால்தான் முகத்தை ஒளித்துக்கொள்ளும். அந்தத் தோளுக்கு அப்படியொரு மரியாதையை வேறு யாரும் செய்ததில்லை.

“மொறச்சது போதும், நகருங்க” என்றாள் ரங்கம்மா. அவித்த கொள்ளைக் கூடையில் வைத்துவிட்டு, எட்ட நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் மெல்லத் தட்டினாள். சாமுண்டி துள்ளியது. கொள்ளு வாசனை அடிக்கவே திரும்பி வந்தது. நாளாக ஆக அவள் கிட்ட வந்து ஓங்கித் தட்டினாள். அப்புறம் குடை விரித்தாள், ஊசிவெடி போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கொள்ளு. கடைசியில் தாம்பாளம் அதிர்ந்தால் காத தூரத்திலிருந்தும் சாமுண்டி ஆசையாய் ஓடிவந்தது.

“பாத்தீங்களா, பார்வை!” என்றார் திம்மராயன் சலூனில்.

கல்யாணம் ஜூஜுவாடியில், பெண் வீட்டில். ஊர் எல்லைக் கோவிலில் மாப்பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றினார்கள். தவில் முழங்கியது. வேட்டு வெடித்தது. சாமுண்டி மிரளவேயில்லை. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இத்தனை சத்தம் போட்டவர்கள் கொள்ளு கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது அது படித்த சாஸ்திரம். தவில்காரர் ரோஷத்தோடு ஓங்கி அடித்தார். அது அவர் மடியில் மூக்கை விட்டுத் தேடியது.

“ஏன் மாமா, குதிரையா செலையா?” என்றான் பெண் வீட்டுக்காரன் ஒருவன். “இங்கியே தாலி கட்டிடச் சொல்லலாமா?”

கூட்டம் சிரித்தது. நாராயணப்பன் முகம் கறுத்தது. “அந்த ஜட்காக்காரன் வந்திருக்கானா பாருங்கடா.”

திம்மராயன் பார்வையைப் பிரயோகித்தார். சாமுண்டி கொட்டாவி விட்டது.

பெண்கள் கூட்டத்திலிருந்து வந்த ரங்கம்மா, ஒரு துணி மூட்டையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் இடமும் வலமும் பார்த்தார். ஊரே அங்கே இருந்தது. சலூன்காரனும் இருந்தான். மூட்டையை அவிழ்த்தார். கை நிறைய அள்ளி நீட்டினார்.

தவிலுக்கும் முன்னால், நாயனத்துக்கும் முன்னால், ஜூஜுவாடித் தெரு நெடுக அவர் பின்பக்கமாகவே நடந்துபோனார். ஒரு வாய்க் கொள்ளுக்கு ஓரடியாகச் சாமுண்டி வந்தது. அன்று அவர் வாயில் தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. உதடு மட்டும் வீட்டுப் பாஷையில், தங்கமே தாயே என்று மெல்ல அசைந்தது.

“ரா தல்லி... ரா, நா பங்காரு தல்லி.”