டாக்டருக்கு எந்தக் கை?

சுகாதாரத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த விண்ணப்பத்தோடு எதை இணைக்க வேண்டும், எதில் யார் மேலொப்பம் இட வேண்டும் என்பதெல்லாம் இன்றும் எனக்கு மனப்பாடம். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இந்த ஞானத்துக்கு நெடுநாள் எந்தப் பயனும் இருக்கவில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழாத நாளில் மட்டும் மனைவி என்னை முன்னால் தள்ளுவாள்.

ஒரு மாலை மருமகள் திண்டிவனத்திலிருந்து வேலை முடிந்து வந்தவள், தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கில் அவளுக்கு வேலை. கருவிகளைச் சுத்தம் செய்து டிரேயில் அடுக்கி, டாக்டர் கை நீட்டியதும் வேண்டியதை அந்தக் கையில் வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். அந்த மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மாவே பக்கத்தில் நிறுத்திப் பழக்கியது. சான்றிதழ் என்று எதுவும் கிடையாது.

"ஆஸ்பத்திரி லைசென்ஸ் புதுப்பிக்கணுமாம் மாமா. ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறவங்களுக்கெல்லாம் சர்ட்டிஃபிகேட் இருக்கணுமாம். இல்லன்னா என்னைக் கொண்டுபோய் ரிசப்ஷன்ல போட்டுடுவாங்க."

"ரிசப்ஷன் நல்ல வேலைதானம்மா. சுழல் நாற்காலி, ஃபேன் காத்து."

"தையல் போட்டு முடிச்சதும் உள்ள ஒரு அமைதி வரும் பாருங்க. அதை வுட்டுட்டு டோக்கன் கிழிச்சிக்கினு உக்காரச் சொல்றீங்களா?"

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை.

சான்றிதழுக்கு முறையான வழி, வேலையை விட்டுவிட்டு முழுநேரப் படிப்பில் சேர்வது. அது அவளால் முடியாது. ஆனால் நம் நாட்டில் பெரிய வாசலை அடைத்தால் பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைப்பார்கள். அதை யாருக்கும் சொல்லாமலும் இருப்பார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் திட்டம் ஒன்று இருந்தது. தேடிப் பிடித்தேன். அனுபவச் சான்றை டாக்டரம்மா முதலில் மருந்துச் சீட்டில் எழுதி அனுப்பினார். அந்தக் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினேன். தட்டச்சில் வந்தது. வாய்மொழித் தேர்வில் தேறினாள். செய்முறைத் தேர்வு மட்டும் மிச்சம்.

அதற்கு வீட்டிலேயே ஒத்திகை வைத்தோம். சாப்பாட்டு மேசையில் நோயாளியாக ஒரு பூசணிக்காய். கரண்டிகள், இடுக்கி, கத்தரிக்கோல் எல்லாம் டிரேயில். நான்தான் டாக்டர்.

"அறுத்து முடிச்சா சொல்லுங்க. சாம்பாருக்கு வேணும்" என்றாள் மனைவி.

"கத்தி" என்று வலது கையை நீட்டினேன். மேசைமேல் சும்மா கிடந்த என் இடது கையில் கத்தி வந்து உட்கார்ந்தது. "கத்தரி" என்றேன். அதுவும் இடது கைக்கே வந்தது. நீட்டிய வலது கை பிச்சை கேட்பதுபோல் அந்தரத்திலேயே நின்றது.

"ஏம்மா, இந்தக் கை கண்ணுக்குத் தெரியலயா?"

அவள் தன் கையையே வெறித்துப் பார்த்தாள். "எங்க டாக்டரம்மா இடது கைங்க மாமா!"

அவள் தொழில் கற்றது அந்த ஒரே டாக்டரிடம். வேறு யாருக்கும் கருவி எடுத்துக் கொடுத்ததில்லை. டிரே அடுக்கும் வரிசை, கருவி போய்ச் சேரும் கை, வளைந்த ஊசியை இடுக்கியில் கவ்வ வைக்கும் திசை, எல்லாமே ஊருக்கெல்லாம் இருப்பதற்கு நேர்மாறு. இத்தனை வருஷம் அவளுக்கே அது தெரியாது. தேர்வை வகுத்தவர்களோ வலது கைக்காரர்கள். உலகத்தையே அவர்கள்தான் வகுத்திருக்கிறார்கள்.

தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. வீட்டில் காபி, செய்தித்தாள், டிவி ரிமோட் எதுவானாலும் என் வலது கைக்குத்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பகலில் திண்டிவனத்தில் இடது, சாயங்காலம் விழுப்புரத்தில் வலது. ரயிலில் வருவதற்குள் கை மாறியாக வேண்டும்.

"மயிலம் ஸ்டேஷன் தாண்டினா வலதுன்னு வச்சிக்கினு இருக்கேன் மாமா" என்றாள்.

தேர்வன்று நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். டிரே முன்னால் நின்றதும் இரண்டு பழக்கமும் ஒரே நேரத்தில் வந்து மோத, கை ஓடவில்லையாம். கேட்டே விட்டாள்.

"சார், டாக்டருக்கு எந்தக் கைங்க?"

உடன் தேர்வுக்கு வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். தேர்வாளரும் விடவில்லை. "ஏம்மா, மூணாவது கை ஏதாச்சும் வச்சிக்கினு இருக்காரா உங்க டாக்டரு?"

"இல்லீங்க சார். இடது கை."

அவர் டிரேயை அவள் பக்கம் நகர்த்தினாராம். "சரி, ரெண்டுக்கும் அடுக்கிக் காட்டு."

இடது கைக்கான டிரேயைக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கலாம், அடுக்கினாள். வலது கைக்கானதில் தடுமாறி, ஊசியைத் தப்பான திசையில் கவ்வ வைத்து, நீட்டுவதற்கு முன் கண்டுபிடித்துத் திருப்பிக்கொண்டாள். தேர்வாளர் அதைப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டார்.

முடிவு வரும்வரை அவள் அந்த ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். திருத்திக்கொண்ட பிழைக்கு மதிப்பெண் குறைக்க விதியில் இடமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்படி ஒரு விதி உண்டா என்று எனக்கே தெரியாது. அவளும் நம்பவில்லை. ஆனால் தேர்ச்சி என்றே வந்தது. லைசென்ஸும் புதுப்பித்தாயிற்று, அவள் அரங்கிலேயே இருந்தாள். வீட்டில் கேசரி கிண்டினோம்.

அடுத்த வாரம் டாக்டரம்மா எனக்கு ஃபோன் செய்தார்.

"சார், நல்லா இருந்த பொண்ணை என்ன பண்ணீங்க? இன்னிக்குக் கத்தரியைக் கொண்டாந்து என் வலது கையில வைக்கிறா!"

"விதிப்படி வலதுதாங்க டாக்டர்."

"அப்போ விதியை வந்து ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

மருமகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் விடிந்ததும், இன்று ஒரு குடலிறக்க ஆபரேஷன் இருக்கிறது, போய் இடது கைக்கு டிரே அடுக்க வேண்டும் என்று, வழக்கமான ரயிலுக்குக் காத்திராமல் முன்னதாகவே பஸ் பிடித்துப் போய்விட்டாள்.