டார்ச் லைட்டோடு போனவள்

எழுபதுகளின் கடைசியில் நானும் அவளும் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பரீட்சைக்குப் படித்தோம். பக்கத்துப் பக்கத்து மெஷின். அடுத்த தெருவில்தான் அவள் வீடு. அவள் கூட இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் என்னை வெளியே அனுப்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை கிளாஸ் சீக்கிரம் விட்டது. "மலையில ஒரு குகை இருக்குடி. உள்ள சுனை இருக்காம். பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். அவளுடைய அண்ணனின் டார்ச் லைட்டைப் பையில் எடுத்தே வந்திருந்தாள்.

"வீட்டுல தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்றேன்.

"யார் சொல்லப் போறா?"

குகை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து நுழைந்தோம். வௌவால் நெடி குமட்டியது. கொஞ்ச தூரத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் திரும்பினோம். திடீரென்று ஒரு கூட்டம் வௌவால் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தது. அவள் வீறிட்டு, என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். வெளிச்சமும் அவளோடு போய்விட்டது.

"லைட்டக் காட்டுடி, வழி தெரியல." கத்திப் பார்த்தேன். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். வந்த வழி என்று நினைத்தேன். அது இல்லை. காலில் பட்ட கல் ஒன்று உருண்டது. சற்றுக் கழித்து, எங்கோ ஆழத்தில் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் விரலால் தொட்டுப் பார்த்தேன். அவள் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கடைசியில் மலையடிவாரத்துச் செங்கம் ரோட்டில் போன ஏதோ பஸ்ஸின் ஹாரன் மெல்லக் கேட்டது. தரையைக் கையால் தொட்டுப் பார்த்துப் பார்த்து, உட்கார்ந்தபடியே அந்தப் பக்கம் நகர்ந்தேன். வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால், அம்மாவுக்கு எதிரில் அவள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள்.

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். அவதான் கேக்காம மலைக்குப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

முழங்காலில் ரத்தத்தோடு நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்த வாரமே அப்பா என் கிளாஸை நிறுத்தினார். அவள் பரீட்சை எழுதி பாஸாகி, ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆனாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அம்மா காபி போட உள்ளே போன நேரத்தில் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன்டி திரும்பி வரல?"

"பயமா இருந்துச்சு."

"சரி. பொய் ஏன் சொன்ன?"

"உங்கப்பா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாருன்னு நெனச்சேன். எங்க வீட்டுல கிளாஸையே நிறுத்திடுவாங்கடி."

"எனக்குந்தான் நிறுத்திட்டாங்க" என்றேன்.

அவள் பத்திரிகையின் மூலையை நீவினாள். "கல்யாணத்துக்கு வந்துடு" என்றாள்.

நான் போகவில்லை. அம்மா போய்விட்டு வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது என்றாள்.