கம்பளிச் சட்டைப் பொத்தான்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி, ஐம்பத்திரண்டு படி. கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்கு மாடிப்படி என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பேர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. இருபது வருஷ வேலை. அவன் கை வைத்த லிஃப்ட் அவ்வளவு சீக்கிரம் முனகாது.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அந்த ஐம்பத்திரண்டு படிதான் குறுக்கே நின்றது. தரைத்தளத்தில் வீடு பார்க்கும்வரை இருக்கட்டும் என்று ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான். நாலாவது மாடி, லிஃப்டிலிருந்து இரண்டாவது அறை.

"பத்தே நாள்மா" என்றான்.

அம்மா சிவப்புக் கம்பளிச் சட்டையின் ஐந்து பொத்தான்களையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான், கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

எட்டாவது நாள் தொற்று என்று சொல்லி எல்லாவற்றையும் மூடினார்கள்.

வீடு கிடைத்தது. வாசலில் ஒரு படிகூட இல்லாத வீடு. ஆனால் இல்லத்திலிருந்து ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் போகப்போகிற வீட்டை ஓர் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரிகள் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று இன்னொரு விதி வந்துவிட்டது. புதுவீட்டின் சாவி அவன் கருவிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வேலையை மட்டும் யாரும் மூடவில்லை. லிஃப்ட் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது, அலுவலகம் நடக்காது. காலையில் நோயாளிகளை ஏற்றுகிற லிஃப்டுக்குள் நிற்பான். மத்தியானம் பணிமனையில் பதினோரு பேர் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது பணியிடம், குற்றமில்லை. அதே பதினோரு பேரும் அவன் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்திருந்தால் வழக்குப் போட்டிருப்பார்கள்.

பணிமனையில் மூத்தவரை எல்லோரும் கிரீஸ் என்பார்கள். என்ன சோப்புப் போட்டாலும் அவர் கை கறுப்புதான். அவர் சொன்னார்:

"இந்தக் கிருமிக்கு வேலை நேரம் தெரியும்டா. எட்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கம்முனு கிடக்கும். அஞ்சரைக்கு நீ உங்கம்மாவைப் பாக்கக் கிளம்பினா ஓடிவந்து ஒட்டிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். சிரித்து முடித்தபின் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டான்.

இல்லத்து மேலாளரம்மாவுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஃபோன் செய்வான். அவரும் அலுக்காமல் எடுப்பார்.

"நேத்து உங்க இல்லத்துக்குப் பெயின்ட் அடிக்க நாலு பேர் வந்தாங்களாமே?"

"அவங்க வேலைக்கு வந்தவங்க சார்."

"நான் மகன்மா."

"அதான் சார் பிரச்சினையே."

தொண்ணூற்றேழாவது நாள் நாலாவது மாடி நர்ஸ் கூப்பிட்டாள். "ஒரு வாரமா உங்கம்மா சரியா சாப்பிடலைங்க. ரெண்டு நாளா தட்டைத் தொடவே இல்ல. பத்து நாள்னு சொன்னவன் வரட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கிறாங்க. இந்த வயசுல இப்படி இருந்தா தாங்காதுங்க."

"ஃபோன்ல முகத்தைக் காட்டுங்க, நான் சொல்றேன்."

திரையில் அம்மா வந்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. "அம்மா, ரெண்டு வாய் சாப்பிடும்மா" என்றான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோனைக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

"படத்துல வர்றவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?" என்று அவள் குரல் கேட்டது. மின்விசிறி ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இல்லத்து லிஃப்ட் அவன் பொறுப்பில் இருந்ததுதான். கெட்டுப்போனால் உள்ளே போகலாம். அது கெடாது. போன வருஷம்தான் கதவு உருளைகளையெல்லாம் மாற்றி, ஒரு வாரம் மெனக்கெட்டு ஓட்டிப் பார்த்து வைத்தவன் அவன். அன்றைக்கு முழுக்க, வண்டி ஓட்டும்போதும் பல் தேய்க்கும்போதும், அந்த லிஃப்ட் எப்படியாவது பாழாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டான். தன் கைவேலையைத் தானே சபித்தான்.

மூன்றாம் நாள், புகார்களை வாங்கி ஆள் அனுப்புகிற கட்டுப்பாட்டு அறைப் பெண் கூப்பிட்டாள். "மாடிப்படி, முதியோர் இல்லம். நாலாவது மாடியில கதவு மூட மாட்டேங்குதாம்."

மேலாளரம்மாவே வந்து வாசல் கதவுகள் இரண்டையும் திறந்துவிட்டார். "சீக்கிரம் சார், சாப்பாட்டு வண்டி மேலே போகணும்." மாதக்கணக்கில் ஃபோனில் கெஞ்சியதற்குத் திறக்காத கதவு. கருவிப் பெட்டியோடு நின்றதும் திறந்துகொண்டது.

அவன் வேலை முடியும்வரை அந்த மாடியில் எல்லோரும் அறைக்குள் இருக்க வேண்டும் என்று விதி. நர்ஸ் கதவுகளைச் சாத்திக்கொண்டே போனாள். லிஃப்ட் கதவு நகர்கிற தரைப் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். சிவப்புப் பொத்தான் ஒன்று செருகியிருந்தது. ஓரத்தில் கம்பளி நூல்.

அவன் மனைவிக்கு வேலைக் கதை பிடிக்காது. இருபது வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டில் அவன் புலம்பலைக் கேட்டவள் அம்மாதான். "ஒரு பொத்தான் போதும்மா, பத்துப் பேரைத் தூக்கற மெஷின் மாடு மாதிரி நின்னுடும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான். அவள் பாட்டுக்குத் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள். கேட்கிறாள் என்றுகூட அவன் நினைத்ததில்லை.

நிமிர்ந்தான். இரண்டாவது கதவின் சின்னக் கண்ணாடியில் அம்மா முகம். இடுப்பு கொஞ்சம் தேறி, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையின் மேல் பொத்தான் இருந்த இடம் விலகிக் கழுத்தெலும்பு தெரிந்தது. அம்மா ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்கினாள். சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்கிறாள்! அவன் தலையாட்டிவிட்டு அதே சைகையைத் திருப்பிக் காட்டினான்.

"சார், வேலையைப் பாருங்க" என்றார் பின்னாலிருந்து மேலாளரம்மா.

அன்று சாயங்காலம் நர்ஸ் செய்தி அனுப்பினாள்: பாதித் தட்டு சாப்பிட்டார்கள்.

வேலைச் சீட்டில் பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் 'உருளைத் தேய்மானம்' என்று எழுதினான். போன வருஷம் மாட்டிய உருளை அது. இருபது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் அவன் எழுதிய முதல் பொய். உண்மையை எழுதினால் அம்மாவை வேறு மாடிக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது அறையைப் பூட்டிவிடுவார்கள்.

ஆறு நாள் கழித்து இரண்டாவது பொத்தான். ஐந்து நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் இழுத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுத் தட்டு.

பணிமனையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "ஒரே கோளாறு ரெண்டு தடவை. உனக்கு என்ன ஆச்சு மாடிப்படி? அடுத்த தடவை அங்கே கிரீஸ் போகட்டும்."

அந்த வாரமே புது அறிவிப்பு வந்தது. குடும்பத்தினர் ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்கலாம், தரைத்தளக் கூடத்தில், ஆறடி தள்ளி. அவனுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை மூன்று மணி. வேலைக்கு நடுவே அனுமதி வாங்கிக்கொண்டு, வண்டியை எதிர்ச் சாரியில் நிறுத்தி, சட்டையை மாற்றிக்கொண்டு, முகம் கழுவிப் போனான். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி: கடந்த பதினான்கு நாட்களில் ஏதேனும் முதியோர் இல்லத்துக்குள் சென்றீர்களா?

மேலாளரம்மா படிவத்தையும் அவனையும் பார்த்தார். "எட்டு நாளைக்கு முன்னாடி வந்திருக்கீங்க சார்."

"இங்கேதானே வந்தேன். உங்க லிஃப்டைச் சரி பண்ண."

"ஆமா சார். அதான் விட முடியாது."

"இப்போ லிஃப்ட் நின்னா விடுவீங்களா?"

"வேலைன்னா விடணும் சார்."

"அதே ஆளுதாம்மா! அதே மூக்கு, அதே வாய்!"

"எனக்குப் புரியாம இல்ல சார்" என்றார் அவர். குரல் தழைந்திருந்தது. "எங்கப்பாவைப் பாத்து நாலு மாசம் ஆச்சு. ஆனா இதுல கையெழுத்துப் போடறது நான்."

கத்திவிட வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே கூடத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தார்கள். "அம்மா கிளம்பி உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டான். தலை சீவி, சட்டை போட்டு, ஒரு மணியிலிருந்தே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். "இப்பதான் நர்ஸ் போய் விஷயத்தைச் சொன்னாங்க சார்."

வண்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை. இனி ஆறு நாள் காத்திருக்க வேண்டும். ஆறு நாளில் விதி இன்னொரு தடவை மாறும். ஆறு நாள் அவள் சாப்பிடாமல் இருந்தால் என்று நினைக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

பத்து நிமிஷத்தில் ஃபோன். கட்டுப்பாட்டு அறை. "முதியோர் இல்லத்துல ஆள் மாட்டிக்கிச்சு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. கிரீஸ் வர ஒரு மணி நேரம் ஆகும்ங்கிறார். அரை மணிக்குள்ள யாராவது போயாகணும். நீ எங்கே இருக்கே?"

"எதிர்த்தாப்ல."

கதவுகள் இரண்டும் திறந்தே இருந்தன. மேலாளரம்மா முகம் வெளிறி நின்றார். "நர்ஸ் டீ எடுக்கப் போயிருந்தா சார். அவங்களா நடைவண்டியைத் தள்ளிக்கிட்டு ஏறிட்டாங்க."

"யாரு?"

"உங்கம்மா."

நாலு மாடியும் படியில்தான் ஏறினான். நாலாவது மாடி லிஃப்ட் கதவைச் சாவி போட்டு விலக்கினான். லிஃப்டின் கூரை மூன்றடி கீழே நின்றது. அதில் இறங்கிக் குனிந்து, நடுவிலிருந்த சதுர மூடியைத் திறந்தான். டார்ச் வெளிச்சத்தில் அம்மா நடைவண்டியின் இருக்கையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்மா. பயந்துட்டியா?"

"நான் ஏன் பயப்படறேன்? நிறுத்தினதே நான்தானே."

"ஓடற லிஃப்ட்ல கதவை இழுத்தியா? விரல் போயிருக்கும்மா!"

"நீதானே சொல்லுவே, புத்தி கெட்டவனுங்க ஓடறப்போ கதவை இழுப்பானுங்க, உடனே நின்னுடும்னு. இழுத்தேன், நின்னுடுச்சு. மறுபடி மூடாம இருக்க இதைச் செருகினேன்." காலால் கதவடியைக் காட்டினாள். மூன்றாவது பொத்தான்.

"சரி. அதை எடும்மா. எடுத்தா கதவு மூடிக்கும். நான் மேலேர்ந்தே மெதுவா இறக்கிடறேன்."

"இறக்கிட்டு?"

அவன் டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தான்.

"இறக்கிட்டு நீ போயிடுவே. எடுக்க மாட்டேன்."

கீழேயிருந்து மேலாளரம்மாவின் குரல் கேட்டது. "சார், என்ன ஆச்சு?" "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று கத்தினான்.

"பத்து நாள்னே" என்றாள் அம்மா.

"வீடு பாத்துட்டேன்மா. வாசப்படியே கிடையாது. சாவி கையிலயே இருக்கு. வந்து பாக்க வேண்டியவன் வர மாட்டேங்கறான். நான் யார் கால்ல விழறது சொல்லு." முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

"அந்தத் துணியைக் கொஞ்சம் இறக்கு. உன் மூஞ்சியைப் பாத்துக்கறேன்."

கை காதுவரை போனது. காலையில் ஆஸ்பத்திரி லிஃப்டில் அவனோடு ஒருவர் படுக்கையில் கிடந்து இருமிக்கொண்டே வந்தார். கையை இறக்கிவிட்டான்.

"வேண்டாம்மா. காலைல ஆஸ்பத்திரியில இருந்தேன்."

அம்மா சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ அவங்க சொல்றது சரிதானா?"

"சரின்னும் சொல்ல முடியல. தப்புன்னும் சொல்ல முடியல."

"நல்லா இருக்கு போ."

லிஃப்டுக்குள் காற்று சூடேறியிருந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்குவது மேலே கேட்டது. அவள் கை கம்பளிச் சட்டையில் மிச்சமிருந்த இரண்டு பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தது.

"நான் சாப்பிடறேன்" என்றாள் கடைசியில். "தினமும் சாப்பிடறேன். ஆனா இதெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்."

"அடுத்த தடவை என்னை அனுப்ப மாட்டாங்கம்மா. கிரீஸைத்தான் அனுப்புவாங்க."

"கறுப்புக் கைக்காரனா? வரட்டுமே. நான் எப்படி இருக்கேன்னு கண்ணால பாத்துட்டு உன்கிட்ட வந்து சொல்லுவான் இல்ல?"

"லிஃப்டுக்குள்ள மட்டும் ஏறாதேம்மா. வெளியே நின்னு போடு."

இப்படி ஒரு யோசனையைத் தன் வாயாலேயே சொல்கிறோம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

அம்மா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இடுப்பு வளையவில்லை. இரண்டு தடவை நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். அவன் மேலே மண்டியிட்டு, கையைச் சதுரத் திறப்பு வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். எட்டாது என்று அவனுக்கே தெரியும். மூன்றாவது தடவை பொத்தான் வந்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

கூரையிலிருந்த விசையை அழுத்தினான். லிஃப்ட் ஊர்ந்தது. அரை நிமிஷ தூரம். அழுத்துவான், விடுவான், மறுபடி அழுத்துவான். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அம்மாவின் வெள்ளை வகிடு திறப்பு வழியாகத் தெரிந்தது. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் கையுறை போட்ட இரண்டு கைகள் வந்து அவளைப் பிடித்து அழைத்துப் போயின. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. மூடிய கையில் பொத்தான் இருந்தது.

கீழே மேலாளரம்மா இரண்டு தாள்களோடு நின்றார். வெளியாளோடு பேசியதால் அம்மா பதினான்கு நாள் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. உள்ளே வந்ததால் அவனுக்கும் இன்றிலிருந்து மறுபடி பதினான்கு நாள். அவன் இரண்டிலும் கையெழுத்துப் போட்டான்.

வண்டியில் ஏறி கிரீஸைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ரெண்டு வாரம் கழிச்சு அந்த லிஃப்ட் மறுபடி நிக்கும். நீங்கதான் போவீங்க. கதவிடுக்குல ஒரு பொத்தான் இருக்கும். எடுத்துத் தூர எறிஞ்சிடாதீங்க."

"பின்னே?"

"நாலாவது மாடி, ரெண்டாவது கதவு. அங்கேயே திருப்பிக் குடுத்துடுங்க."

கிரீஸுக்குப் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"காரணம்னு என்னடா எழுதறது?"

"உருளைத் தேய்மானம்னு எழுதிடுங்க."