மிருகம் சாகும்போது சிரிக்கக் கூடாது

பல்செட் செய்து பிழைக்கும் அந்த மனிதருக்குத் தன் பெண்ணைக் கட்டிக்கொடுக்க ஒரே ஒரு நிபந்தனைதான். வருகிற பையன் அவரோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். முழுசாக, சிரிக்காமல்.

படம் அவர் அரைக்கால் சட்டை போட்ட காலத்தது, கறுப்பு வெள்ளை. வேற்றுக்கிரகத்து முட்டை ஒன்று ஏரியில் விழுந்து பொரிந்து, வெளியே வந்த மிருகம் ஊரையே துவம்சம் செய்யும். ரப்பர் உடம்பு. முதுகில் ஜிப் தெரியும். அது மிதிக்கும் கட்டடங்கள் அட்டைப்பெட்டி என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா என்ன?

"உள்ள ஒரு மனுஷன் வேகுறான்யா," என்பார். "மூச்சு முட்ட நடந்து நம்மளப் பயமுறுத்தப் பாக்குறான். அவனப் பாத்துச் சிரிக்கிறவன் நாளைக்கு என் பொண்ணு அழுதாலும் சிரிப்பான்."

எனக்கென்னவோ இதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. அவர் மனைவிக்குப் படவில்லை. முதல் வரன் ஜிப்பிலேயே அவுட். இரண்டாமவன் அட்டைக் கட்டடம்வரை தம் கட்டிவிட்டு, மிருகம் தும்மியதும் கவிழ்ந்தான். "அந்த ஏரியிலயே உங்களையும் தள்ளணும்," என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாமவன் பெண்ணே பார்த்துவைத்தவன். லிப்ட் ரிப்பேர் செய்பவன், ஆள் கதவை அடைத்து நிற்பான். "சிரிச்சா நம்ம கல்யாணம் அவ்ளோதான். உதட்டக் கடிச்சிட்டு உக்காரு," என்று அவள் தலைபாடாய்ச் சொல்லி அழைத்துவந்தாள்.

மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பெரியவர் படத்தைப் பார்க்கவில்லை, பையனின் வாயைத்தான் பார்த்தார், தொழில் அப்படி. ஜிப் வந்தது, போனது. தும்மல் வந்தது. வாய் அசையவே இல்லை. கடைசியில் குண்டடிபட்ட மிருகம் ஒரு கையைத் தூக்கியபடி ஏரியில் மூழ்கியது. அவ்வளவு பெரிய ஆள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினான்.

அவள் அதைப் பார்த்தாள். அடக்கி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. குபீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாவம், அது சாகுது. உனக்குச் சிரிப்பா இருக்கா?" அவனுக்கு நிஜமாகவே கோபம்.

பெரியவர் டிவியை அணைத்துவிட்டு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். மனசு கனத்துப்போயிருந்தது.

"தம்பி, என் பொண்ணுதான், இல்லைங்கல. ஆனா ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிச்சுக்கங்க. உங்க குணத்துக்கு வேற நல்ல இடமா நானே பாத்துத் தரேன்."

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது.