இரண்டு திரையில் ஒரு வயல்

உத்திரமேரூரில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் படத்தைத் திருத்தும்போது, பக்கத்தில் டேப்லெட்டை இரண்டாவது திரையாகச் சாய்த்து, அதில் அசல் படத்தை வைத்துக்கொள்வேன்.

அன்று ஒரு கல்யாண ஜோடியின் படம், பனி படர்ந்த வயலில் எடுத்தது. பின்னால் யாரும் வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணை லேப்டாப்பில் அழித்து, அந்த இடத்தில் பனியை நிரப்பினேன்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வந்த அக்கா ஒருவர், டேப்லெட்டைப் பார்த்துக் கனவு காண்பவர்போல நின்றார்.

"இது நான்தாம்ப்பா. வயலு எவ்ளோ பச்சையா கீது பாரு."

அவர் பார்வை மெல்ல லேப்டாப்புக்கு நகர்ந்தது. அதில் அவர் இருந்த இடத்தில் வெறும் பனிதான் இருந்தது.

"இதுல நான் வூட்டுக்குப் போய்ட்டேன் போல கீது," என்று சிரித்தார்.

தொழிலுக்காக இன்றும் படங்களிலிருந்து ஆட்களை அழிக்கிறேன். அழிக்கும்போதெல்லாம், அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று மனம் கேட்கிறது.