'டி'யில் இருந்த கல்யாணம்

ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். ஹூரிய்யா ஓடவில்லை, நடந்து போனாள். அதுவும் பட்டப்பகலில், லுஹர் தொழுகை முடிந்து ஆம்பளைகள் சந்து நிறைய வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில். முகத்திரை இல்லாமல் போனாள் என்பதும் பொய். அங்கியும் திரையும் ஒழுங்காகத்தான் இருந்தன. கையில் மட்டும் ரொட்டி மாவு ஒட்டியிருந்தது. கல்யாணப் படங்களை அழித்தாள், திருடினாள், கடைத்தெருவில் காட்டினாள் என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசுகிறவர்களில் ஒருத்திகூட அன்றைக்கு எதிர் வீட்டுத் தகிய்யாவின் மாடியில் இல்லை. இருந்திருந்தால் இப்படிப் பேசமாட்டார்கள். பேசியிருப்பார்கள், ஆனால் வேறு மாதிரி.

ஸனாவில், பழைய ஊருக்குள், எங்கள் சந்தில் அவளைத் தெரியாதவர் கிடையாது. ஹுதைதாவில் வாழப்போன இடம் ஒத்துவராமல் திரும்பி வந்து, அண்ணன் கம்தானின் வீட்டில் இருந்தாள். போவதற்கு முன்பே கம்ப்யூட்டர் படித்து வைத்திருந்தாள். திரும்பி வந்த பிறகு அதுதான் அவளுக்குக் கைகொடுத்தது.

அப்போது வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது; வந்த வேகத்தில் அதற்குள் வைரஸும் வந்தது. பையன்கள் எங்கெங்கோ இருந்து பாட்டு கொண்டுவந்து ஏற்றுவார்கள். ஒரு மாதத்தில் பெட்டி படுத்துவிடும். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கடைக்குத் தூக்கிப்போனால் சுலபமாக முடியும். ஆனால் எந்த வீட்டுக்காரி விடுவாள்? உள்ளே மகளின் கல்யாணப் படங்கள் அல்லவா இருக்கின்றன. தலை திறந்து, கை நிறையக் கறுப்புக் கோலம் போட்டு, தோழிகளோடு ஆடுகிற படங்கள். கட்டியவனும் கூடப் பிறந்தவர்களும் தவிர வேறு ஆண் பார்க்கக்கூடாதவை. சில வீடுகளில் கூடப் பிறந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. ஆகவே பெட்டி வீட்டிலேயே இருக்கும். ஹூரிய்யா அதைத் தேடி வருவாள்.

எழுத்தே தெரியாத பெண்களுக்கும் அவள் புரிய வைத்துவிட்டாள். பெட்டிக்குள் அறைகள் இருக்கின்றன, ஒவ்வொரு அறைக்கும் வாசலில் ஓர் எழுத்து. 'சி' என்பது நம் வீடுகளின் கீழ்த்தளம் மாதிரி. ஆடு மாடு கட்டுகிற இடம். விண்டோஸ் அங்கேதான் குடியிருக்கும். அழுக்கானால் மொத்தமாகக் கழுவித் தள்ளிவிடலாம். 'டி' மேல்மாடி, பெண்களின் அறை. அதைக் கழுவவே மாட்டேன், உங்கள் பொருளையெல்லாம் அங்கே வையுங்கள் என்பாள். அதற்குள்ளும் ஒரு மறைவு செய்து கொடுப்பாள். சும்மா திறந்து பார்த்தால் பையன்களின் பாட்டும் கால்பந்தும்தான் தெரியும். படங்கள் வேண்டுமென்றால் மேலே உள்ள நீளக் கட்டத்தில் 'டி' என்று தட்டி, அதன் பின்னால் தாயும் மகளும் மட்டும் அறிந்த ஒரு பெயரைத் தட்ட வேண்டும். தகிய்யா வைத்திருந்த பெயர் 'வெந்தயம்'. எந்தப் பையன் வெந்தயத்தைத் தேடிப் போவான் என்பது அவள் எண்ணம்.

தகிய்யாவின் மூத்த மகள் காத்திபாவைத் தஅஸ்ஸுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் தூரமாகப் போய்விட்டாள். தாயிடம் மிஞ்சியது அந்தப் படங்கள்தான். ஒரு நாள் சாயங்காலம் பெண்களை அழைத்து, மெல்லக் காத் இலையும் குடிக்கக் கிஷ்ரும் வைத்து, படங்களைப் போட்டுக் காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அன்று காலையில் பெட்டி படுத்துவிட்டது.

ஹூரிய்யா வந்தாள். வழக்கமாக எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகப் பெட்டியின் பின்பக்கம் குனிந்து, தேவையில்லாத வயரையெல்லாம் பிடுங்கிப் போடுவாள். அன்று குனியவில்லை. தகிய்யா உட்கார வைத்து ஏலக்காய் போட்ட கிஷ்ரை ஊற்றிக்கொண்டே, காத்திபாவின் மாமியாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். அந்த மாமியாரின் கதை அப்படி. கேட்கிறவள் குனியவும் மறந்து போவாள், நிமிரவும் மறந்து போவாள். ஜன்னல் திரைக்குப் பின்னால், கம்ப்யூட்டரில் செருகியபடியே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. கேமராவின் அட்டையைச் செருகிப் படத்தை ஏற்றுகிற கார்டு ரீடர். ஜித்தாவிலிருந்து காத்திபாவின் சித்தப்பா கொண்டுவந்தது. அதற்கு நாலு வாய்.

விண்டோஸ் புதிதாக வந்து உட்காரும்போது அறைகளுக்கு எழுத்துகளைப் பங்கு போடும். அன்று அந்த நாலு வாயும் முந்திக்கொண்டன. 'சி', 'டி', 'இ', 'எஃப்' என்று நல்ல எழுத்துகளையெல்லாம் ஒன்றுமில்லாத வெறும் வாய்கள் எடுத்துக்கொண்டன. விண்டோஸுக்குக் கிடைத்தது 'ஜி'. காத்திபாவின் கல்யாணம் இருந்த அறைக்கு 'எச்'. கடைசியில் ஒரு தடவை சரிபார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். வேலை முடிந்த கையோடு கரன்ட் போய்விட்டது. நம் ஊர்க் கரன்டை நம்பி யார் காத்திருப்பார்கள்? வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஹூரிய்யா வீட்டுக்குப் போனாள். தப்பு அவளுடையதுதான். அதை இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தப்புக்கு இந்தப் பேச்சு அதிகம்.

சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். கரன்ட் வந்தது. தகிய்யாவின் இளைய மகள் 'டி' தட்டி, வெந்தயம் தட்டினாள். 'டி'யில் எதுவும் இல்லை, ஏதாவது செருகு என்றது பெட்டி. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதேதான். எல்லா அறைகளையும் திறந்து பார்த்தார்கள். பாட்டு இருந்தது, கால்பந்து இருந்தது, கல்யாணம் இல்லை. மூலையில் சாய்ந்திருந்த ஒரு கிழவி, படம் பார்க்க வந்த நம்மைப் பந்து பார்க்க வைத்துவிட்டார்களே என்றாளாம். யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் தகிய்யாவைச் சுட்டது.

இரவுக்குள் ஹூரிய்யா படங்களை அழித்துவிட்டாள் என்று ஆனது. விடிந்ததும் அழிக்கவில்லை, எடுத்துப் போய்விட்டாள் என்று ஆனது. வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. கம்தான் அங்கே உலர்ந்த திராட்சை விற்கிறவன். கெட்டவன் இல்லை. ஆனால் தங்கை முதல்முதலாகப் பை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றே ஒன்று சொல்லியிருந்தான்: உன் மேல் எந்த வீட்டிலிருந்தும் ஒரு சொல் வராதவரை எங்கே வேண்டுமானாலும் போ, வந்த அன்றைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். சொல் வந்துவிட்டது. அவளும் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா, மனசு சும்மா இருக்குமா. மேல்தளத்து ஷம்ஸா அந்தக் கூட்டத்துக்குப் போனவள். பெட்டி என்ன சொன்னது, அதே வார்த்தையாகச் சொல் என்று அவளைப் பிடித்துக் கேட்டாள். ஏதாவது செருகச் சொன்னதாக ஷம்ஸா சொன்னதும் ஹூரிய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறை காலியானால் காலி என்று காட்டும். செருகு என்று கேட்பது கார்டு ரீடரின் வாய்தான்; நாலு வாய் முந்திக்கொண்டால் 'டி' போய் 'எச்'சில்தான் நிற்கும். படங்கள் பத்திரமாக இருக்கின்றன, எழுத்துதான் மாறிப்போயிருக்கிறது, 'எச்' தட்டிவிட்டு அந்தப் பெயரைத் தட்டச் சொல் என்று ஷம்ஸாவை அனுப்பினாள். தகிய்யா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். பிடிபட்டதும் கதை கட்டுகிறாள் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மறுவாரம் தகிய்யா கம்ப்யூட்டர் கடைக்கார ஜுப்ரானை வரவழைத்தாள். படங்கள்தான் போய்விட்டனவே, இனி யார் பார்த்தால் என்ன என்று ஒரு மனது. ஒருவேளை எங்காவது மிச்சமிருந்து அவன் கண்ணில் பட்டுவிட்டால் என்று இன்னொரு மனது. ஆகவே ஜுப்ரான் “அல்லாஹ், அல்லாஹ்” என்று பெண்கள் ஒதுங்கிக்கொள்ளக் குரல் கொடுத்துக்கொண்டே படியேறி, மேல்படியில் கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைக்கப்பட்டான். மகள் உள்ளேயிருந்து திரையைப் படித்துச் சொல்ல, அவன் சுவரைப் பார்த்து வைத்தியம் பார்த்தான்.

எங்கள் சந்து அகலம் எவ்வளவு? இந்த வீட்டு அடுக்களையில் தும்மினால் எதிர் வீட்டில் ஆசி சொல்வார்கள். மாவு பிசைந்துகொண்டிருந்த ஹூரிய்யாவுக்கு எல்லாம் கேட்டது. எழுத்தெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது என்றான் ஜுப்ரான். 'எச்'சில் என்ன இருக்கிறது என்று கேட்டான். பாட்டும் பந்தும் என்றார்கள். அப்படியானால் 'ஜி', 'எச்' இரண்டையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவோம் என்றான். துடை, பையன்கள் அழுதால் அழட்டும் என்றாள் தகிய்யா.

ஹூரிய்யா அங்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கம்தான் சாப்பிட வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“எங்கே கிளம்பிட்ட?”

“எதிர் வீட்டுக்கு.”

“நான் என்ன சொல்லியிருக்கேன்?”

“ஒரு சொல் வந்தா உக்காருன்னீங்க. உக்காந்தேன். இப்போ அவன் 'எச்'சைத் துடைக்கப் போறான் அண்ணே. துடைச்சிட்டா நான் அழிச்சேங்கிறது நெசமாயிடும். அப்புறம் சாகிற வரைக்கும் நான் உக்காந்தே இருக்க வேண்டியதுதான்.”

“சரி, சாப்பிட்டுட்டு நான் போய் தகிய்யா மாமிகிட்ட பேசுறேன்.”

“நீங்க சாப்பிட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள அதுல ஒண்ணும் இருக்காது.”

“என் பேச்சை மீறிப் போனா...” என்று ஆரம்பித்தவனுக்கு மிச்சத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். முடிக்கிற மாதிரி இல்லை.

“சல்தாக் குழம்பு அடுப்புல கொதிச்சிட்டிருக்கு, ஆறவிட்றாதீங்க” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

எதிர் வீட்டுப் படியில் ஜுப்ரான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி என்றதும் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினான். தகிய்யா எழுந்து குறுக்கே நின்றாள்.

“எந்த மூஞ்சியோட வந்த?”

“இதே மூஞ்சிதான் மாமி, மாத்தறதுக்கு வேற இல்ல. நான் எடுத்திருந்தா இங்க எதுக்கு வரப்போறேன்? உங்க மக கையை அந்தப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க, நின்னு கேக்குறேன்.”

மகள் பயந்து கையை எடுத்துவிட்டாள். ஹூரிய்யா இந்தத் தடவை குனிந்தாள். திரையை விலக்கி, வயரைப் பிடித்து இழுத்தாள். நாலு வாயோடு கார்டு ரீடர் கையில் வந்தது. அதைத் தகிய்யாவின் மடியில் போட்டாள். பிறகு உட்கார்ந்து, அறைகளின் பெயர்களை மாற்றுகிற இடத்தைத் திறந்து, 'எச்' என்பதை எடுத்துவிட்டு, இப்போது ஆளில்லாமல் கிடந்த 'டி'யை அங்கே வைத்தாள். எழுந்து தள்ளி நின்றாள்.

“பேரை நீங்களே தட்டுங்க மாமி. அது உங்க பேரு.”

தகிய்யா ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். வெந்தயம் முடிய வெகுநேரம் ஆனது. பிறகு திரை முழுக்கக் காத்திபா நின்றாள், தலை நிறைய மல்லிகையும் துளசிக் கொத்துமாக.

தகிய்யா திரைக்குப் பக்கத்தில் போய் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“இதுல நல்லா சதைப்பிடிப்பா இருக்கா பாரு. அந்த வீட்டுக்குப் போய்த்தான் இளைச்சிட்டா.”

“கிடைச்சிருச்சா?” என்று படியிலிருந்து ஜுப்ரான் கேட்டான்.

“நீ திரும்பாதே” என்று மூவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

விண்டோஸ் இன்னும் தப்பான எழுத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை மறுபடி கழுவிப் போட வேண்டும் என்றாள் ஹூரிய்யா. நாளைக்கு வா என்றாள் தகிய்யா. அண்ணன் விட்டால் வருகிறேன் என்றாள் இவள். தகிய்யா ஜன்னலைத் திறந்து, சந்துக்கே கேட்கிற மாதிரி கம்தானைக் கூப்பிட்டாள். கல்யாணம் இருக்கிறது, ஒரு படம்கூடக் குறையவில்லை, உன் தங்கையைச் சொன்ன வாய் என் வாய்தான், அதை நானே அலம்பிக்கொள்கிறேன் என்றாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முனை வீட்டுக்காரி, தங்கள் பெட்டியும் ஒரு வாரமாகப் படுத்திருக்கிறது என்று அங்கிருந்தே சொன்னாள்.

இறங்கும்போது ஜுப்ரான் கண்ணைப் பொத்தியபடியே விண்டோஸ் சிடியை நீட்டினான்.

“இதை நீங்களே வச்சுக்குங்க அக்கா. இந்தச் சந்துல எனக்குப் பொழப்பு இல்ல.”

வாங்கிக்கொண்டாள். வாசலில் கம்தான் நின்றிருந்தான். செருப்பை மறுபடி மாட்டியிருந்தான், சாப்பிட்டிருக்கவில்லை. தங்கையைப் பார்த்தான், முனை வீட்டு ஜன்னலைப் பார்த்தான்.

“வர நேரமாகுமா?”

“ஆகும்.”

இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை அவிழ்த்து அவளிடம் கொடுத்தான். அவள் அதை மாவு பிசுபிசுத்த உள்ளங்கையில் மூடிக்கொண்டு முனை வீட்டைப் பார்த்து நடந்தாள்.